சிறிய டிராவல் டிரெய்லரில் நம் சமையல்: எந்த அடுப்பு, எந்தப் பாத்திரம்?

கள்ளிப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் வசிக்கிறோம். 17 அடி நீளமுள்ள பழைய டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச்செல்லும் சிறு வீடு) ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறோம். வரும் கோடை விடுமுறையில் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பிலுள்ள மேத்தர் கேம்ப்கிரவுண்டு, அதன்பின் சயான் பூங்காவின் வாட்ச்மேன், கடைசியாக யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய மூன்று இடங்களில் தங்குவதாகத் திட்டம். கணவர், நான், இரண்டு பிள்ளைகள், என் மாமியார் என ஐந்து பேர் செல்கிறோம். மாமியாருக்கு ரொட்டியும் சான்ட்விச்சும் ஒத்துக்கொள்வதில்லை. இரவில் ரசம் சாதமாவது சூடாக இருந்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். ஆகவே வழியில் கிடைப்பதைச் சாப்பிட்டுச் சமாளித்துவிடலாம் என்ற யோசனை எங்களுக்குப் பயன்படாது.

டிரெய்லரில் இரண்டு பர்னர் கேஸ் அடுப்பும் ஒரு சிறிய மைக்ரோவேவும் உள்ளன. 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர் ஒன்று, சாதாரண ஈய அமில பேட்டரி ஒன்று, 30 ஆம்ப் மின் இணைப்பு, நல்ல தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் தலா 24 காலன் தொட்டி. அடுப்புக்குக் கீழேயுள்ள அலமாரிதான் பாத்திரங்களுக்கான முழு இடம். அதன் அகலம் 20 அங்குலம், உயரம் 12 அங்குலம். மின்சாரத்தில் இயங்கும் பிரஷர் குக்கரான இன்ஸ்டன்ட் பாட் வாங்குவதா, விசில் குக்கரையே எடுத்துச்செல்வதா? கழற்றி மாட்டும் கைப்பிடியுடன் விற்கும் விலையுயர்ந்த பாத்திரத் தொகுப்பு உண்மையிலேயே அவசியமா? மிக்ஸி தேவைப்படுமா? பிள்ளைகள் தோசை கேட்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நெடுஞ்சாலைப்பயணி எழுதியது:

வணக்கம் சகோதரி. பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வெப்பம் எங்கிருந்து கிடைக்கப்போகிறது என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். அது தெளிவாகிவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே தீர்ந்துவிடும். நீங்கள் சொன்ன மூன்று இடங்களும் இந்த விஷயத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. மேத்தரில் மின் இணைப்பு கிடையாது. அதற்கு அருகிலுள்ள டிரெய்லர் வில்லேஜில்தான் உண்டு. வாட்ச்மேனில் ஒரு பகுதி இடங்களுக்கு மட்டும் மின்சாரம் உண்டு என்பதால், முன்பதிவு செய்யும்போதே அதைப் பார்த்து எடுக்க வேண்டும். ஃபிஷிங் பிரிட்ஜில் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் கிடைக்கும். ஆக, பயணத்தின் முதல் கட்டத்திலேயே மின்சாரம் இல்லாமல் ஐந்து பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் பேட்டரியால் இதைச் செய்ய முடியாது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். அந்த அளவு டிரெய்லர்களில் வழக்கமாக வரும் ஈய அமில பேட்டரி 80 ஆம்ப்-மணி அளவினது. அதன் ஆயுள் கெடாமல் பயன்படுத்த வேண்டுமானால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம். இரண்டு லிட்டர் சாம்பாரை அறை வெப்பநிலையிலிருந்து பிரஷர் நிலைக்குக் கொண்டுவருவதற்கே கால் யூனிட் போய்விடும். பாத்திரமும் சுற்றுக்காற்றும் உறிஞ்சுவது தனி. அத்துடன், ஐந்து பேருக்குப் போதுமான 6 குவார்ட் இன்ஸ்டன்ட் பாட் 1,000 வாட் இழுக்கும். அதை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாகக் கொடுக்க 90 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒற்றை ஈய அமில பேட்டரி அந்தச் சுமையில் சில நிமிடங்களிலேயே துவண்டுவிடும். இதற்கு மாறாக, நிரம்பிய 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. (இங்கே வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம், அதாவது 125 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான ஆற்றல், அடங்கியிருக்கிறது. அதில் பாதிக்கும் மேல் பாத்திரத்தில் சேராமல் வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் பயணம் முழுவதற்கும் சமைத்த பிறகும் சிலிண்டரில் மிச்சம் இருக்கும்.

எனவே என் கருத்து உறுதியானது: சமையலுக்கு கேஸ், குக்கருக்கு விசில் குக்கர். இதற்கு மின்சாரத்தைவிட முக்கியமான இன்னொரு காரணம் உயரம். தென்விளிம்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஃபிஷிங் பிரிட்ஜ் அதையும்விட உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. ஃபீனிக்ஸில் திறந்த சட்டியில் குழைந்துவிடும் துவரம்பருப்பு அங்கே மணிக்கணக்கில் கொதித்தும் தண்ணீரும் பருப்புமாகவே நிற்கும். விசில் குக்கரின் வெயிட் உள்ளழுத்தத்தை வெளிக்காற்றைவிட 15 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு) கூடுதலாக வைத்திருப்பதால், கடல்மட்டத்தில் 121 டிகிரி வரை போகும் உள்வெப்பம் அந்த உயரத்திலும் 116, 117 டிகிரிக்குக் குறையாது. வழக்கமாகப் பத்து நிமிடம் வைப்பதைப் பதின்மூன்று நிமிடம் வைத்தால் போதுமானது. அங்கே விசில் எண்ணிக்கையை நம்பாமல், முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்துக் கடிகாரத்தைப் பார்த்து வையுங்கள்.

அடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டிரெய்லர் அடுப்புகளில் இரண்டு பர்னர்களும் மிக நெருக்கமாக இருக்கும். பாத்திரம் வாங்கும் முன் ஒரு பர்னரின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். அந்த அளவுதான் உங்கள் பாத்திரங்களின் விட்டத்துக்கு எல்லை. பத்து அங்குல விட்டமுள்ள இரண்டு பாத்திரங்கள் பெரும்பாலான சிறிய அடுப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்காராது. ஒன்று எட்டு அங்குலமாக இருந்தால் உட்காரும். நீண்ட கைப்பிடியும் அடுத்த பர்னரின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும் என்பதால், இருபுறமும் சிறு பிடி வைத்த குக்கரே இங்கே வசதி.

சமைக்கும்போது கூரையிலுள்ள மின்விசிறியை ஓட்டி, எதிர்ப்பக்க ஜன்னலை ஒரு கையளவாவது திறந்து வைப்பது கட்டாயம். கார்பன் மோனாக்சைடு முதல் காரணம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகும். குளிர்ந்த இரவில் அத்தனையும் சுவரிலும் மெத்தைக்கடியிலும் வியர்வையாகப் படியும் என்பது இரண்டாவது காரணம். குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

எவர்சில்வர் எழுதியது:

அடுப்பைப் பற்றி மேலே நண்பர் எழுதியதை நான் அப்படியே ஏற்கிறேன். பாத்திரங்களைப் பற்றி எழுதவே வந்தேன், ஏனென்றால் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கழற்றி மாட்டும் கைப்பிடித் தொகுப்பைத்தான் எல்லோரும் முதலில் பரிந்துரைக்கிறார்கள். மேக்மா, டீஃபால் போன்ற நிறுவனங்களின் தொகுப்புகள் நன்றாகத் தயாரிக்கப்பட்டவை என்பதில் எனக்கு ஐயமில்லை. படகுச் சமையலறைகளிலும் பயன்படும் அந்த ஏற்பாடு இட நெருக்கடிக்குச் சரியான விடையும்கூட. ஆனால் அவற்றின் அடிப்படை என்ன? பாத்திரத்துக்குப் பிடி கிடையாது. அதனால் ஒன்றுக்குள் ஒன்று முழுமையாக இறங்குகிறது. பிடி தனியே ஒன்றுதான். இதே வசதி நம் வீட்டுப் பரணில் பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. விளிம்பு வைத்த எவர்சில்வர் பாத்திரங்களை மூன்று அளவில் எடுத்து ஒன்றுக்குள் ஒன்று வைத்து, நல்ல இடுக்கி ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் வேலை முடிந்தது. இந்தியக் கடைகளில் அதற்கு ஆகும் செலவு அந்தத் தொகுப்புகளின் விலையில் சிறு பங்குதான்.

வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். விளிம்பு வெளிப்புறமாக நன்கு மடிந்து, இடுக்கியின் வாய்க்குப் பிடிமானம் தருவதாக இருக்க வேண்டும். அடி கனமாக இருக்க வேண்டும். மெல்லிய தகட்டுப் பாத்திரம் டிரெய்லர் பர்னரின் சிறிய தீவட்டத்தில் நடுவில் மட்டும் பிடித்துக் கருகிவிடும். இடுக்கியின் நடு ஆணி ஆட்டம் காணாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். கொதிக்கும் ரசத்தைக் குறுகிய இடத்தில் தூக்கி இறக்கும்போது அந்த ஒற்றை ஆணியை நம்பித்தான் தூக்குகிறோம், ஆகவே கடையில் தண்ணீர் ஊற்றிய பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

குக்கரைப் பொறுத்தவரை, ஐந்து பேருக்கு 5 லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்று, அதற்குள் இரண்டடுக்குச் செப்பரேட்டர். கீழடுக்கில் பருப்பும் தக்காளியும், மேலடுக்கில் அரிசி; ஒரே பர்னரில், ஒரே தீயில், சாதமும் பருப்பும் ஒன்றாக வெந்துவிடும். மற்ற பர்னர் ரசத்துக்கோ பொரியலுக்கோ காலியாக இருக்கும். ஹாக்கின்ஸ் போன்ற உள்மூடிக் குக்கர்களில் மூடியைச் சாய்த்து உள்ளே விட்டுத் திருப்ப வேண்டியிருப்பதால் உயரமான செப்பரேட்டர் இடிக்கும். பிரெஸ்டீஜ் வகை வெளிமூடிக் குக்கர்களில் அந்தத் தொல்லை குறைவு. எதுவானாலும் அடுக்கை உள்ளே வைத்து மூடிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். இன்னொரு நல்ல வழி, குக்கர் மூடியே பொருந்தும் அகன்ற பிரஷர் பான் ஒன்றைச் சேர்த்து வாங்குவது. மூடியில்லாதபோது அது வாணலி, மூடினால் பிரியாணிக்கும் குருமாவுக்கும் குக்கர். பாத்திரங்களை அலமாரியில் வைக்கும்போது குக்கருக்குள்ளேயே செப்பரேட்டர்களையும், அவற்றுக்குள் டம்ளர்களையும் தாளிப்புக் கரண்டியையும் ஒரு துணியைச் சுற்றி இறக்கிவிடலாம். துணி இல்லாவிட்டால் நெடுஞ்சாலை முழுவதும் அவை கலகலத்துக்கொண்டே வரும். கூடுதலாக ஒரு கேஸ்கட்டும் ஒரு சேஃப்டி வால்வும் எடுத்துக்கொள்ளுங்கள். யெல்லோஸ்டோனுக்குள் அவற்றை எங்கும் வாங்க முடியாது.

நம் சமையலுக்குத் தண்ணீர்தான் பெரிய கட்டுப்பாடு என்பதையும் நினைவில் வையுங்கள். மேத்தரில் இருக்கும்வரை உங்கள் கழிவுநீர் 24 காலன் தொட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தரையில் ஊற்றுவது தடைசெய்யப்பட்டது. கஞ்சி வடித்துச் சோறு பொங்குவது அங்கே கட்டுப்படியாகாது. எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுவதற்கு முன் காகிதத் துண்டால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால், பாதித் தண்ணீர் போதும், தொட்டியும் நாறாது. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வறுத்த ரவை, வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி ஆகியவற்றை வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போனால் அங்கே கழுவ வேண்டிய பாத்திரங்கள் மூன்றுக்குமேல் வராது. காப்பிக்கு எவர்சில்வர் ஃபில்டர் இருந்தாலே போதும். அதற்கு மின்சாரமும் வேண்டாம், காகிதமும் வேண்டாம்.

கொலராடோவாசி எழுதியது:

மேலே இருவரும் சொன்னவற்றில் பெரும்பகுதி சரியே. ஆனால் மின்சார அடுப்பை முற்றாக ஒதுக்கிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாட்ச்மேன் இருக்கும் இடம் கோடையில் கடும் வெயில் அடிக்கும் பள்ளத்தாக்கு. அங்கே டிரெய்லருக்குள் கேஸ் அடுப்பை ஒரு மணி நேரம் எரித்தால், ஏசி இருந்தும் உள்ளே உட்கார முடியாது. மின் இணைப்புக்கான கட்டணத்தைத் தங்குமிட வாடகையோடு ஏற்கெனவே கொடுத்துவிட்ட நிலையில், ஒற்றை இன்டக்‌ஷன் அடுப்பை வெளியிலுள்ள மேசைமேல் வைத்துச் சமைப்பது எல்லா வகையிலும் நல்லது. அதன் தடிமன் மூன்று அங்குலத்துக்குள்தான். மெத்தைக்கும் சுவருக்கும் இடையில்கூடச் செருகி வைக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் கிடைப்பது 3,600 வாட். நெடுநேரம் தொடர்ந்து எடுப்பதென்றால் அதில் எண்பது விழுக்காட்டோடு நிற்பது பாதுகாப்பு. ஏசி மட்டுமே 12, 13 ஆம்ப் எடுக்கும். இன்டக்‌ஷனை முழு 1,800 வாட்டில் வைத்தால் இன்னொரு 15 ஆம்ப். அந்த நேரத்தில் மின்சார வாட்டர் ஹீட்டர் உயிர்பெற்றால் பிரேக்கர் விழுந்துவிடும். இன்டக்‌ஷனை 1,000 வாட்டுக்குக் குறைத்து வைத்துக்கொண்டால் ஏசியையும் ஓட்டலாம். குக்கருக்கு அந்தச் சூடு போதும். இரண்டாவதாக, எவர்சில்வர் நண்பர் சொன்ன இந்தியப் பாத்திரங்கள் பலவற்றின் அடியில் காந்தம் ஒட்டாது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இன்டக்‌ஷன் ஏற்காது. அலுமினியக் குக்கருக்கும் இதே நிலைதான். சிறிய காந்தம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அடியில் இன்டக்‌ஷன் தகடு வைத்த எவர்சில்வர் குக்கரை வாங்கினால், கேஸுக்கும் மின்சாரத்துக்கும் அது ஒன்றே போதும்.

மிக்ஸி பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த 230 வோல்ட் மிக்ஸி இங்கே ஓடாது. ப்ரீத்தி நிறுவனம் அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்ஸி விற்கிறது. சட்னி அரைக்க இரண்டு நிமிடம்தான் ஓடுகிறது என்பதால் பேட்டரி அதில் தீர்ந்துவிடாது. ஆனால் இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வகையாக (வீட்டு மின்சாரத்தைப் போலச் சீரான அலையைத் தருவதாக) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடேறும். உங்கள் பயணத்துக்கு மிக்ஸியைச் சுமக்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். இட்லிப் பொடியும் ஒரு சிறிய இடிகல்லும் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

கள்ளிப்பூ எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றே அளவுநாடாவோடு டிரெய்லருக்குள் போய் அளந்தேன். பர்னர்களின் நடுவிலிருந்து நடுவுக்கு ஒன்பது அங்குலம்தான் இருக்கிறது. அதற்கேற்ப இன்டக்‌ஷன் அடி வைத்த 5 லிட்டர் வெளிமூடிக் குக்கரும், எட்டு அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குப் பாத்திரங்களும் பார்த்துவைத்திருக்கிறேன்.

இன்னும் தீராமல் இருப்பது தோசை. பத்து அங்குல இரும்புத் தோசைக்கல்லை உள்ளேயுள்ள பர்னரில் வைத்துப் பார்த்ததில், நடுவில் முறுகலாகவும் ஓரம் வெளுப்பாகவும் வருகிறது. ஒரு தோசை வார்த்து எடுப்பதற்குள் புகை எச்சரிக்கைக் கருவியும் அலறத் தொடங்கிவிட்டது. எங்கள் டிரெய்லரின் வெளிப்பக்கத்தில் கேஸ் குழாய் மாட்டும் வாய் ஒன்று இருக்கிறது. வெளியில் வைக்கும் அடுப்பு ஒன்றை வாங்கி அதில் இணைத்துவிடலாமா?

நெடுஞ்சாலைப்பயணி எழுதியது:

இணைக்கலாம், ஆனால் எந்த அடுப்பை வேண்டுமானாலும் இணைக்க முடியாது. டிரெய்லரின் பக்கவாட்டிலுள்ள அந்த வாய்க்கு வரும் கேஸ், முன்புறச் சிலிண்டருக்கு அருகிலுள்ள ரெகுலேட்டரைத் தாண்டி, அழுத்தம் பெரிதும் தணிக்கப்பட்டு வருவது, அரை பி.எஸ்.ஐ. கூட இருக்காது. கடைகளில் கிடைக்கும் கோல்மன் போன்ற முகாம் அடுப்புகள் ஒரு பவுண்டு சிலிண்டரின் முழு அழுத்தத்தை எதிர்பார்த்து, தமக்கென்று ஒரு ரெகுலேட்டரைக் கொண்டிருப்பவை. ஏற்கெனவே தணிந்த கேஸை அது மறுபடியும் தணிப்பதால், தீ மெழுகுவத்தியளவுக்குத்தான் எரியும். இது அடுப்பின் கோளாறென்று எண்ணிப் பலர் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஆகவே டிரெய்லரின் தாழ்அழுத்த வாய்க்கு ஏற்றதென்று உற்பத்தியாளரே குறிப்பிட்டுள்ள அடுப்பை வாங்குங்கள். அல்லது சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில் கிளைக்குழாய் ஒன்றைப் பொருத்தி, அங்கிருந்து முழு அழுத்தத்தில் தனி ஹோஸ் எடுங்கள். பொருத்திய பின் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பதைத் தவறவிடாதீர்கள்.

தோசைக்கென்றே சொல்வதானால், பிளாக்ஸ்டோன் நிறுவனத்தின், மேசைமேல் வைக்கும் 17 அங்குல கேஸ் கல்தான் என் தேர்வு. 12,500 பி.டி.யு. பர்னர் கல்லின் அடிப்பரப்பு நெடுகப் பரவியிருப்பதால் ஓரம் வெளுப்பது குறையும். ஒரே நேரத்தில் இரண்டு சிறு தோசைகள் வார்க்கலாம். ஒரு பவுண்டு சிலிண்டரில் முழுத் தீயில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் எரியும். தோசைக்கு நடுத்தரத் தீயே போதும் என்பதால் ஒரு சிலிண்டர் இரண்டு காலைகளுக்கு வரும். நம் இரும்புக் கல்லைப் பழக்குவதைப் போலவே இதையும் எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும். கோடையில் தீத்தடை அறிவிக்கப்பட்டால் விறகும் கரியும் கூடாது என்பார்கள். திருகித் திறந்து மூடும் கேஸ் அடுப்புக்குப் பொதுவாக அனுமதி உண்டு, இருந்தாலும் நுழைவாயிலில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எடையையும் பார்க்க வேண்டும். டிரெய்லரின் கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஒட்டியில் எத்தனை பவுண்டு சாமான் ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். 24 காலன் தண்ணீரே 200 பவுண்டு. அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். கல், குக்கர், அரிசி மூட்டை ஆகிய கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு நேர்மேலே, தரையோடு வையுங்கள். பின்சுவரோரம் வைத்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஆடும்.

எவர்சில்வர் எழுதியது:

தோசை மாவைப் பற்றி ஒரு குறிப்பு. புளித்துக்கொண்டிருக்கும் மாவு கேஸை விட்டுக்கொண்டே இருக்கும். மலையேறும்போது வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால், இறுக மூடிய டப்பா உப்பித் திறந்துகொள்ளும். பாதியளவு மட்டும் நிரப்பி, மூடியைத் தளர்த்தி, ஒரு பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் எடுத்துச்செல்லுங்கள்.

யெல்லோஸ்டோனில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். ஃபிஷிங் பிரிட்ஜ் கரடிகள் நடமாடும் பகுதி. கெட்டியான சுவருள்ள டிரெய்லர்களை மட்டுமே அங்கே அனுமதிப்பதற்கு அதுதான் காரணம். வெளியில் தோசை வார்த்து முடித்ததும் கல் ஆறும்வரை அருகிலேயே இருந்து, சுரண்டித் துடைத்து, துடைத்த காகிதத்தைக் கரடி திறக்க முடியாத குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கல், எண்ணெய்க் கிண்ணம், மாவுப் பாத்திரம் அனைத்தையும் டிரெய்லருக்குள் எடுத்து வைத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும். எண்ணெய் வாசனை உள்ள காலிப் பாத்திரம்கூட இரவில் மேசைமேல் இருக்கக் கூடாது. மாமியாருக்கான ரசத்தை அங்கே உள்ளேயே வைத்துவிடுங்கள். தாளிக்கும்போது மட்டும் கூரை விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, மிளகாயைக் கடைசியில் போட்டால் நெடி தங்காது.